மியூசிக் யாரு?

நண்பர்களே, இளம்பெண்கள் இருவர் சேர்ந்து எலக்ட்ரானிக் பாப் பாடுகிறார்கள் என்று சொன்னதுமே நம் ஆட்கள் கேட்பது, “மியூசிக் யாரு?” சினிமாப் பாட்டில் வளர்ந்த காது, அப்படித்தான் கேட்கும். ஆனால் இங்கிலாந்திலும் இதையேதான் கேட்டார்கள்.

அங்கே நாரிச் நகரத்தில் ரோசா வால்டன், ஜென்னி ஹாலிங்வொர்த் என்று இருவர். நான்கு வயதில் பள்ளியில் ஒட்டிக்கொண்ட சிநேகம். குழுவின் பெயர் ‘லெட்ஸ் ஈட் கிராண்ட்மா’, அதாவது ‘பாட்டியைச் சாப்பிடுவோம்’. சிரிக்கிறீர்கள், சரி. 2016இல் ‘ஐ, ஜெமினி’ ஆல்பம் வந்தபோது இருவருக்கும் 17 வயது. கீபோர்டு, சாக்ஸபோன், பள்ளிக்கூடத்தில் ஊதப் பழகும் ரெக்கார்டர் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றி வாசித்தார்கள். மேடையில் ‘டீப் சிக்ஸ் டெக்ஸ்ட்புக்’ பாடும்போது எதிரெதிரே நின்று, சிறுமிகள் மாதிரி கைகொட்டி விளையாடுவார்கள். அந்தக் கைத்தட்டல்தான் அங்கே தாளம். முகத்தை மறைக்கும் நீளமுடி வேறு. யார் ரோசா, யார் ஜென்னி என்றே பிடிபடாது. குரலும் அப்படித்தான். உடனே, யாரோ பெரியவர் பின்னால் இருந்து எழுதிக் கொடுக்கிறார் என்ற பேச்சு கிளம்பியது. அதில் வயதைவிட, பெண்கள் என்பதுதான் உறுத்தியது என்பேன்.

2018இல் ‘ஐம் ஆல் இயர்ஸ்’. அதில் ‘ஹாட் பிங்க்’ கேட்டிருப்பீர்கள். இனிமையாக, கொஞ்சம் கேலியாகப் பாடிக்கொண்டே வந்து, பல்லவியில் உலோகமும் கண்ணாடியும் நொறுங்குகிற மாதிரி ஒரு ஓசை. அந்த ஓசையை இவர்களோடு சேர்ந்து உருவாக்கிய இசைத் தயாரிப்பாளர்கள், எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் சோஃபியும், ‘தி ஹாரர்ஸ்’ ராக் குழுவின் ஃபாரிஸ் பாட்வனும். சோஃபி மேதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆல்பத்தில் அவர் கைவைத்தது இரண்டே பாட்டு. ‘எல்லாம் சோஃபி செய்தது’ என்று யாராவது சொன்னால், கடைசிப் பாட்டான ‘டானி டார்கோ’வைப் போட்டுக் காட்டுங்கள். பதினோரு நிமிடம் ஓடும். சோஃபி அதில் இல்லை.

அப்புறம் வாழ்க்கை குறுக்கிட்டது. 2019இல் ஜென்னியின் காதலர் புற்றுநோயால் இறந்தார். தோழிகளுக்கு இடையிலும் விலகல். 2022இல் வந்த ‘டூ ரிப்பன்ஸ்’ பாட்டுகளை முதல்முறையாகத் தனித்தனியே எழுதினார்கள். பல பாட்டுகள் ஒருவர் மற்றவருக்கு எழுதிய கடிதங்கள். மூன்று ஆல்பங்களையும் வரிசையாகக் கேளுங்கள். முதலாவதில் பிரித்தறிய முடியாத இரு குரல்கள், இதில் தெளிவாகவே இரண்டு பேர். ஜென்னியின் பாட்டுகளில் இறந்தவரின் நினைவும், தள்ளிப்போன தோழியின் நினைவும் பின்னிக்கொண்டு வரும். எனக்கு இந்த மூன்றில் மிகவும் பிடித்தது இதுதான். விற்பனையைப் பற்றிக் கேட்காதீர்கள், பாட்டைப் பேசுவோம்.

‘ஹேப்பி நியூ இயர்’ இந்த ஆல்பத்தின் முதல் பாட்டு, ஜென்னிக்காக ரோசா எழுதியது. இப்போது போடுகிறேன். தம்பி, சவுண்டைக் கொஞ்சம் கூட்டி வையப்பா.