ஆடியவர், ஆட்டுவித்தவர்: பி.கே. பானர்ஜி

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்தியக் கால்பந்து உலகம் பி.கே. என்று உரிமையோடு அழைத்த பிரதீப் குமார் பானர்ஜியைப் பற்றி இன்று உங்களோடு பேசவிருக்கிறேன். முன்கள வீரராக ஆசிய விளையாட்டுப் போட்டியில் நாட்டுக்குத் தங்கம் வென்று தந்தவர் அவர். பூட்ஸைக் கழற்றிய பிறகு, கொல்கத்தாவின் பரம வைரிகளான ஈஸ்ட் பெங்கால், மோகன் பாகன் ஆகிய இரு கழகங்களுக்கும் பயிற்சியாளராக இருந்து, இரண்டிலும் கோப்பைகளைக் குவித்தார். அவர் பெயரைச் சொன்னாலே, ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் அவர் ஆற்றிய உணர்ச்சிமிக்க பேச்சுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பத்திரிகைகளில் அதற்கு ‘வோக்கல் டானிக்’, அதாவது பேச்சாலேயே ஊட்டும் ஊக்க மருந்து, என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் அவருக்குப் புகழைத் தந்தது உண்மைதான்; ஆனால் அவருடைய ஆட்ட அறிவையும் உழைப்பையும் அதுவே பெரும்பாலும் மறைத்துவிட்டது என்பது என் கருத்து.

1936ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் வட வங்கத்தின் ஜல்பைகுரிப் பகுதியில் பிறந்த பி.கே., எஃகு நகரமான ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தார். பள்ளிப் பருவம் முடியும் முன்பே மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பைப் போட்டியில் பீகார் அணிக்காக ஆடியவர், 1954இல் கொல்கத்தாவுக்கு வந்து ஆரியன் கழகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு கிழக்கு ரயில்வே அணிக்கு மாறினார். அதன் பிறகு வேறு எந்தக் கழகத்துக்கும் போகவில்லை. கால்பந்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாத காலம் அது. ரயில்வே, காவல்துறை, துறைமுகம், பெரிய ஆலைகள் ஆகியவை விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுத்து, அணியும் வைத்திருந்தன. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற உறுதி இருந்ததால்தான் எத்தனையோ திறமைசாலிகள் ஆட்டத்தைக் கைவிடாமல் இருந்தார்கள். பி.கே.யும் அவர்களில் ஒருவர்.

இந்தியாவின் மிகச் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவர் கொல்கத்தாவின் மூன்று பெரும் கழகங்களில் ஒன்றுக்குக்கூட ஆடியதில்லை என்பதை இன்று நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஆனால் அந்த ரயில்வே அணி சாதாரண அணியல்ல. 1958இல் ஈஸ்ட் பெங்கால், மோகன் பாகன், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்றையும் பின்னுக்குத் தள்ளிக் கொல்கத்தா லீக் பட்டத்தை அது வென்றது. இந்த மூன்றுக்கும் வெளியே உள்ள ஓர் அணி மீண்டும் அந்தப் பட்டத்தை வெல்வதற்கு, 2019இல் பியர்லெஸ் அணி வரும்வரை, 61 ஆண்டுகள் ஆயின. பெரிய அணிகளை எதிர்த்து நிற்பது எப்படி என்பதை அவர் ஆடிய காலத்திலேயே கற்றுக்கொண்டார். பின்னாளில் இரு பெரும் கழகங்களும் அவரைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டதற்கு, அவர் மேல் எந்தக் கழகத்தின் வண்ணமும் படிந்திருக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

தேசிய அணியில் அவருடைய இடம் வலது ஓரம். வேகமும், வலது காலில் இடியென இறங்கும் உதையும் அவருடைய பலங்கள். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்ற கணக்கில் வென்று அரையிறுதிக்குச் சென்ற இந்திய அணியில் அவர் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரே அணித்தலைவர். அங்கே பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் அடித்த கோல் இந்தியாவை முன்னிலைக்குக் கொண்டுவந்தது. ஆட்டம் முடியப் பத்து நிமிடம்கூட இல்லாத வேளையில் பிரான்சு திருப்பி அடித்ததால் ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்தது.

அந்நாளைய முன்கள வரிசையில் மூவரின் பெயர்களைச் சேர்த்தே சொல்வார்கள்: பி.கே., சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம். இந்தப் பலராம் செகந்திராபாத் அருகே தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்பதைத் தமிழ் நேயர்களுக்குச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ரோமில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெரு நாட்டுக்கு எதிராகவும் இந்தியாவுக்காகக் கோல் அடித்தவர் அவரே.

இந்த மூவரையும் செதுக்கியவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். அடிப்படையில் ஆசிரியரான அவர், பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தனியே ஓட அனுமதிக்காத போட்டிகளையும், பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற போட்டிகளையும் நடத்தி வீரர்களைப் பழக்கியவர். பயிற்சியாளர் பி.கே.யைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், ரஹீமின் மாணவர் பி.கே.யை முதலில் பார்க்க வேண்டும்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இஸ்ரேலும் தைவானும் அந்தப் போட்டிக்கு அனுமதிக்கப்படாததை இந்திய நிர்வாகி ஜி.டி. சோந்தி வெளிப்படையாகக் கண்டித்ததால், ஊரே இந்தியர்களுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்ற இந்திய அணி, பிறகு தட்டுத்தடுமாறி எழுந்து இறுதி ஆட்டத்துக்கு வந்தபோது, எதிரே மீண்டும் அதே தென்கொரியா நின்றது. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். ரஹீம் அவரைப் பின்வரிசையிலிருந்து எடுத்து முன்கள வீரராக நிறுத்தினார். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு வீரர்களை அழைத்த ரஹீம், நாளைக்கு எனக்கு ஒரு பரிசு வேண்டும், அந்தத் தங்கத்தைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டதாக அந்த அணியினர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். செப்டம்பர் 4ஆம் நாள், அரங்கு முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட, 17ஆம் நிமிடத்தில் பி.கே. கோல் அடித்தார், 20ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங் அடித்தார். கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் வலையைக் காக்க, 2-1 என்று தங்கம் வந்தது. அடுத்த ஆண்டே ரஹீம் புற்றுநோயால் மறைந்தார்.

அந்த இரவின் பேச்சை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் தையல் போட்ட தலையோடு நின்ற தடுப்பாட்டக்காரரை முன்வரிசைக்கு அனுப்பி, அவர் மூலமாகவே ஒரு கோலைப் பெற்ற அந்தக் கணிப்பைப் பாருங்கள். பேச்சும் கணிப்பும் ஒரே மனிதரிடமிருந்து, ஒரே தொடரில் வந்தன. இரண்டையும் அருகிலிருந்து பார்த்தவர் பி.கே.

காயங்களால் 1967இல் ஆட்டத்திலிருந்து விலகினார். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் பயிற்சிப் பொறுப்பில் ஜி.எம்.எச். பாஷாவுடன் அவரும் இருந்தார். 1972இல் ஈஸ்ட் பெங்கால் அவரை அழைத்தது. அந்த ஆண்டு கொல்கத்தா லீக் பட்டத்தை ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல்கூட வாங்காமல் வென்றது. கோல் அடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர் பயிற்சியாளராக வந்ததும், அவருடைய அணி கோல் வாங்காததற்குப் பெயர் பெற்றது! எதிரணியின் முன்கள வீரன் எந்த நொடியில் எங்கே ஓடுவான் என்பதை அறிந்தவரால்தான் அவனை நிறுத்தும் வழியையும் சொல்லித்தர முடியும் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். 1975 செப்டம்பர் 30ஆம் நாள், கொல்கத்தாவின் பழம்பெரும் கோப்பைப் போட்டியான ஐ.எஃப்.ஏ. ஷீல்டின் இறுதி ஆட்டத்தில் மோகன் பாகனை ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று வீழ்த்தியது. அரை நூற்றாண்டு கடந்த பின்னும் கொல்கத்தாவில் அந்த எண்ணிக்கையைச் சொன்னால் ஒரு பாதி ஊர் நிமிர்ந்து உட்காரும், மறு பாதி ஊர் பேச்சை மாற்றும்.

அடுத்த ஆண்டு அவர் மோகன் பாகனுக்குச் சென்றார். 1976 லீக்கில் இரு கழகங்களும் மோதிய ஆட்டம் தொடங்கிப் பதினேழே விநாடிகளில் கோல் விழுந்தது. ஓரத்திலிருந்து உலகநாதன் தூக்கி அனுப்பிய பந்தை முகமது அக்பர் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். உலகநாதன் என்ற அந்தத் தமிழ்ப் பெயரை வங்காளிகள் இன்றும் மறக்கவில்லை. அந்த ஒரே கோலில் மோகன் பாகன் வென்றது. தொடர்ந்து ஆறு ஆண்டுகள் ஈஸ்ட் பெங்கால் வைத்திருந்த லீக் பட்டமும் அந்த ஆண்டு கைமாறியது. ஊக்கப் பேச்சு ஒரு வீரனை வேகமாக ஓடவைக்கும். ஆனால் நடுவர் ஊதியவுடன் பந்து எந்த ஓரத்துக்குப் போக வேண்டும், அது அங்கிருந்து திரும்பி வரும்போது யார் கோல் முகத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் மைதானத்தில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்த அணிக்குத்தான் கைவரும்.

1977 செப்டம்பர் 24ஆம் நாள், பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியை மழையில் நனைந்த ஈடன் தோட்ட மைதானத்தில் மோகன் பாகன் சந்தித்தது. அந்தப் பருவத்தில் லீக்கில் ஈஸ்ட் பெங்காலிடம் 0-2 என்று தோற்றிருந்த அணி அது. பெலேயைப் பின்தொடரும் பொறுப்பைக் கௌதம் சர்க்காரிடம் பி.கே. ஒப்படைத்தார். ஷியாம் தாப்பாவும் முகமது ஹபீபும் கோல் அடிக்க, ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்தது. பெலேயைப் பார்க்கக் கூடிய கூட்டம், வீட்டுக்குத் திரும்பும்போது தங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு போனது. அந்தப் பருவத்திலேயே ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, டூராண்டு, ரோவர்ஸ் ஆகிய மூன்று கோப்பைகளையும் மோகன் பாகன் வென்றது.

தேசிய அணியில் அவருக்கு இத்தகைய வெற்றி கிட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் அவருடைய பயிற்சியில் ஆடிய இந்தியா, காலிறுதியில் சவூதி அரேபியாவிடம் 0-1 என்று தோற்று வெளியேறியது. கழகத்தில் ஆண்டு முழுவதும் கூட இருக்கும் வீரர்களைக் கொண்டு செய்யக்கூடிய வேலையை, சில வார முகாமில் செய்துவிட முடியாது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று.

அறுபது வயதைத் தாண்டிய பிறகும் அவருக்கு ஒரு பெரிய நாள் காத்திருந்தது. 1997 ஜூலை 13ஆம் நாள், தேசிய அளவில் கழகங்கள் மோதும் ஃபெடரேஷன் கோப்பையின் அரையிறுதி. பி.கே. அப்போது மீண்டும் ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர். மோகன் பாகனின் பயிற்சியாளர் அமல் தத்தா, வீரர்களை வைர வடிவில் நிறுத்தும் ‘டயமண்ட்’ என்ற புது வியூகத்தால் அந்தத் தொடரையே கலக்கிக்கொண்டிருந்தார். ஈஸ்ட் பெங்கால் வீரர்களின் பெயர்களை அவர் பத்திரிகைகளில் கேலி செய்ததும் ஊரறிந்த செய்தி. சால்ட் லேக் அரங்கில் 1,30,000 பேருக்கு மேல் கூடினார்கள். பி.கே. அந்தக் கேலியையே தம் வீரர்களுக்கு மருந்தாக்கினார். இருபது வயதான பைச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. வோக்கல் டானிக் என்ற புகழ் உச்சத்துக்குப் போனது அன்றுதான். ஆனால் முன்னேறி ஆடும் அணியின் முதுகுப் பக்கத்தில் வெற்றிடம் விழும் என்பதைக் கண்டு, அதில் ஓடுவதற்குப் பூட்டியாவைப் பயன்படுத்தியது, வலது ஓரத்தில் பல்லாண்டு ஓடிய ஒரு பழைய முன்கள வீரரின் கண் என்றே நான் சொல்வேன்.

1961இல் அர்ஜுனா விருது, 1990இல் பத்மஸ்ரீ, 2004இல் ஃபிஃபாவின் சிறப்பு விருது என்று மரியாதைகள் அவரைத் தேடி வந்தன. 2020 மார்ச் 20ஆம் நாள் கொல்கத்தாவில் அவர் காலமானார். அடுத்த மாதமே சுனி கோஸ்வாமியும், 2023இல் பலராமும் மறைந்தார்கள்.

2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளரானபோது, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் இந்தியர் அந்தப் பொறுப்புக்கு வந்தார். மிசோரத்தின் சிறிய ஐசால் அணியை 2017இல் தேசிய அளவிலான ஐ-லீக் பட்டம் வெல்லவைத்தவர் அவர். நம் நாட்டுப் பயிற்சியாளர்களுக்குத் திறமை இல்லாமல் போகவில்லை. ஒரே கழகத்தில் சில பருவங்கள் தொடர்ந்து வேலை செய்யும் வாய்ப்புத்தான் அரிதாகிவிட்டது. 1972 முதல் 1975 வரை ஈஸ்ட் பெங்கால் பி.கே.க்குக் கொடுத்தது அந்த வாய்ப்பைத்தான். சென்னை உட்பட, இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் கழகங்கள் அடுத்த பயிற்சியாளரைத் தேடும்போது இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.