குளிர்காலத்துல மில்ஃபோர்டு ரோடு: டயர் சங்கிலி மாட்டத் தெரியாம கிளம்பாதீங்க!

[காட்சி: ரெண்டு பக்கமும் பனி மலை, நடுவுல ஈரமான கருப்பு ரோடு]

நியூசிலாந்தோட தென்மேற்கு மூலையில ஒரு ரோடு. டே அனாவ் ஊர்ல கிளம்பி, 118 கிலோமீட்டர் போனா மில்ஃபோர்டு சவுண்ட். வழியில பெட்ரோல் பங்க் இல்ல, போன் சிக்னலும் பெரும்பாலும் இல்ல. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை அங்க குளிர்காலம். நம்மூர் மாதிரியே இடதுபக்கம்தான் ஓட்டணும், அதனால பயமில்லைன்னு நினைக்காதீங்க. இங்க வண்டியைச் சறுக்க வைக்கிறது ரோட்டு மேல உறைஞ்சிருக்கிற ஐஸ்.

பேர்ல 'சவுண்ட்', அதாவது கடல் புகுந்த ஆத்துப் பள்ளத்தாக்குன்னு இருந்தாலும் இது ஃபியோர்டு. பனிப்பாறை குடைஞ்ச பள்ளத்தாக்குல கடல் புகுந்த இடம். வரலாறு இவ்வளவு போதும், பனியில டயர் சறுக்காம இருக்க மாட்டற சங்கிலிக்கு வருவோம்.

[காட்சி: டிக்கியில சங்கிலிப் பை]

வாடகைக் கார் எடுக்கும்போதே சங்கிலி கேட்டு வாங்குங்க. அங்கயே ஒரு தடவை டயர்ல மாட்டிப் பாருங்க, அளவு தப்பா இருந்தா மலை மேல ஒண்ணும் பண்ண முடியாது. முன் சக்கரம் இழுக்கிற கார்னா முன்னாடி ரெண்டு சக்கரத்துலயும் மாட்டணும். ஃபோர் வீல் டிரைவ்னா எந்தச் சக்கரம்னு வண்டிக்காரங்ககிட்டயே கேட்டுக்கோங்க.

சங்கிலி மாட்டறதுக்குன்னே ரோட்டோரம் சமதளமா இடம் விட்டிருக்காங்க. அங்க நிறுத்துங்க. சங்கிலியைத் தரையில விரிச்சு முறுக்கு எடுங்க. டயர் மேல போர்த்தி, உள்பக்கக் கொக்கியை முதல்ல மாட்டுங்க, அப்புறம் வெளிப்பக்கம். கையால இழுத்து இறுக்குங்க. 50, 100 மீட்டர் ஓட்டிட்டு நிறுத்தி, மறுபடி இறுக்குங்க. நிறைய பேர் விடறது இந்த ரெண்டாவது இறுக்கத்தைத்தான். லூசா இருக்கிற சங்கிலி சுத்தும்போது பிரேக் டியூபையும் மட்கார்டையும் அடிச்சுக் கிழிச்சிடும். வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. பனி முடிஞ்சு தார் தெரிஞ்சா உடனே கழட்டிடுங்க, வெறும் தார்ல ஓட்டினா அறுந்துபோகும்.

வெறும் கண்ணுக்குத் தெரியாத ஐஸும் இருக்கு. மரநிழல்லயும் பாலத்து மேலயும் ரோடு சும்மா ஈரமா இருக்கிற மாதிரிதான் தெரியும். சறுக்கினா பிரேக்கை மிதிக்காதீங்க. ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு, ஸ்டீயரிங்கை நேரா, மெதுவா பிடிங்க.

டீசல் வண்டியா? குளிர் குறைவான வடக்குப் பக்கம் நிரப்பின டீசல் இந்தக் குளிர்ல மெழுகு மாதிரி கட்டி, ஃபில்டரை அடைச்சிடும். குளிருக்கு ஏத்த டீசல் கிடைக்கிற டே அனாவ்லயே டேங்கை நிரப்புங்க. காலையில கண்ணாடியில உறைபனி இருந்தா வெந்நீர் ஊத்தவே ஊத்தாதீங்க, கண்ணாடி விரிசல் விடும்.

[காட்சி: ஹோமர் சுரங்கம்]

1954-ல திறந்த இந்தச் சுரங்கம் 1.2 கிலோமீட்டர் நீளம். மில்ஃபோர்டு பக்கம் செங்குத்தா இறங்கும், அதனால தாழ்ந்த கியர்ல போங்க. முன்னாடியும் பின்னாடியும் பனிச்சரிவு வர்ற பகுதி. 'நிறுத்தாதே' போர்டு இருந்தா போட்டோவுக்குக்கூட நிறுத்தாதீங்க. 1983-ல ஒரு சாலைப் பணியாளர் இங்க பனிச்சரிவுல இறந்துபோனார். இப்போ ஹெலிகாப்டர்ல இருந்து வெடி போட்டு, ரோட்டை மூடி வெச்சிருக்கும்போதே பனியைச் சரிய விடறாங்க. அதனால கிளம்புற அன்னிக்குக் காலையில ரோடு திறந்திருக்கான்னு பாருங்க. மில்ஃபோர்டு சவுண்டைச் சுத்திக் காட்டுற படகுல நடுப்பகல் டிக்கெட் போடுங்க, சாயங்காலம் 5 மணிக்கெல்லாம் இருட்டிடும்.

[காட்சி: கருந்தண்ணி, மழை, நூறு அருவி]

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்! மில்ஃபோர்டுல வருஷத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல மழை. அந்தத் தண்ணி காட்டு இலைமக்குல ஊறி, கட்டன் டீ நிறத்துல இறங்கி, உப்புத்தண்ணி மேல ஒரு அடுக்கா மிதக்கும். வெளிச்சம் கீழ போகாது. அதனால வேற இடத்துல ரொம்ப ஆழத்துல மட்டும் வளர்ற கருப்புப் பவளம், இங்க 10 மீட்டர்லயே வளருது. கடலுக்குக் குடை பிடிக்கிறது மழைத்தண்ணி! மழை பெய்யுதேன்னு படகுப் பயணத்தை ரத்து பண்ணாதீங்க, அன்னிக்குத்தான் மலை முழுக்க அருவி. கமெண்ட்ல சொல்லுங்க, நீங்க மழைக் கட்சியா, வெயில் கட்சியா?

[காட்சி: தென்கடற்கரை]

டே அனாவுக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து தெற்கே இறங்கினா டுவாடபெரே, ஒரேபுகி, ரிவர்ட்டன். ஒரேபுகியில காத்து அடிச்சு அடிச்சு மரமெல்லாம் ஒரே பக்கம் சாய்ஞ்சிருக்கும். சின்ன ஊர் பங்க்ல ஆள் இருக்க மாட்டாங்க, பின் நம்பர் உள்ள கார்டு கையில இருக்கட்டும். ஒரு நேரத்துல ஒரு பக்க வண்டி மட்டும் போற பாலத்துல உங்க பக்கம் சின்ன சிவப்பு அம்புக்குறின்னா எதிர்ல வர்றவங்களுக்கு வழி விடணும். பிளஃப் துறைமுகத்துல சிப்பி சீசன் மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரை, குளிர்காலத்துல போறவங்களுக்கு அதிர்ஷ்டம்.

கியூரியோ பே கடற்கரையில ஜுராசிக் காலத்துக் காடு கல்லாகிக் கிடக்கு. கடல் உள்வாங்கினாத்தான் தெரியும். பகல் குறைவு, அதனால முதல்ல தண்ணி வத்துற நேரத்தைப் பார்த்துட்டு அதுக்கு ஏத்த மாதிரி பயணத்தை வைங்க. மஞ்சள்கண் பெங்குவின் கரையேறினா 50 மீட்டர் தள்ளி நில்லுங்க, வழியில ஆள் நின்னா அது கூட்டுக்கே போகாது.

அடுத்தது சூரத் பே. ஆமா, நம்ம குஜராத் சூரத் பேர்தான். 1874-ல அங்க உடைஞ்ச கப்பலோட பேர் சூரத். அந்த மணல்ல பாறை மாதிரி எதாவது கிடந்தா பக்கத்துல போகாதீங்க. கடல்சிங்கம் தூங்கும். 20 மீட்டர் விட்டுச் சுத்திப் போங்க.