பெரியவர்களின் கையெழுத்தும் திருந்தும்

நேயர்களுக்கு வணக்கம். அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தமிழில் விடை எழுதப் பயிற்சி கொடுத்து வருகிறேன். குரூப் 1 முதல்நிலைத் தேர்வில் சரியான வட்டத்தைக் கருப்பாக்கினால் போதும். முதன்மைத் தேர்வு அப்படியில்லை, ஒரு தாளுக்கு 3 மணி நேரம் கையால் எழுத வேண்டும். கைபேசியில் தட்டியே பழகியவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள். "இந்த வயசுக்கு மேலயா சார் கையெழுத்து மாறப்போகுது?" என்பார்கள். மாறும். மாறியதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன்.

அழகைப் பற்றி நான் முதலில் பேசுவதே இல்லை. வழக்கமான வேகத்தில் ஒரு பக்கம் எழுதி, வீட்டில் யாரிடமாவது கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பெரும்பாலும் அதே நான்கைந்து எழுத்துகள்தான் திரும்பத் திரும்ப மாட்டும். இரண்டு சுழி ன எது, மூன்று சுழி ண எது என்று தெரியாது. ர கீழ்க்கோட்டை இழந்து துணைக்காலாக நிற்கும். ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பாகி, 'பெறு' 'பேறு' ஆகிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை புள்ளி. வரியை முடித்துவிட்டு மொத்தமாகப் புள்ளி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அவசரத்தில் பாதி விட்டுப்போகும், மீதி பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். எழுத்தை எழுதிய கையோடு புள்ளியையும் வைத்துவிடுங்கள். இந்த ஒன்றைத் திருத்தினாலே படிப்பவருக்குப் பாதிச் சிரமம் குறையும்.

அப்புறம், மாட்டிய எழுத்துகளை மட்டும் தினமும் கால் மணி நேரம் மெதுவாக எழுதுங்கள். முதலில் தனியாக, பிறகு சொல்லுக்குள் வைத்து. இரட்டைக்கோடு நோட்டு வாங்கக் கூச்சப்பட வேண்டாம். கி, கீ மேலே ஏறும். ழ, து கீழே இறங்கும். எழுத்தின் உடல் மட்டும் இரண்டு கோட்டுக்குள் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும்.

பேனாவை இறுக்கிப் பிடிக்காதீர்கள். பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுதி விரல் வலிக்கிறவர்கள் ஜெல் பேனாவோ மைப் பேனாவோ எடுத்துப் பாருங்கள். முன்கை மேசைமேல் இருக்கட்டும்.

வேகத்தைக் கடைசியில்தான் கூட்ட வேண்டும். பழைய வினாத்தாளிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். வேகம் ஏறும்போது எந்த எழுத்து முதலில் சிதைகிறதோ, மறுநாள் பயிற்சியை அதிலிருந்து தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.