சிதம்பரம் போய்த் திரும்பும்போது கால் ஏன் பிடித்துக்கொள்கிறது? நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு

[காட்சி: விடியற்காலை, புதுச்சேரி கடற்கரைச் சாலை. விளக்கு பொருத்திய சைக்கிள்கள் தெற்கு நோக்கிக் கிளம்புகின்றன.]

வணக்கம். புதுச்சேரியிலிருந்து சிதம்பரம் சுமார் 65 கிலோமீட்டர். இருட்டில் கிளம்பி, சிதம்பரத்தில் டிபனை முடித்துவிட்டு, வெயில் உச்சிக்கு வருவதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்பது இந்தப் பக்கத்து சைக்கிள்காரர்களின் கணக்கு. போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பும்போதுதான், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி கடலூர் முதுநகர் நெருங்குகிற நேரத்தில், ஆடுசதை திடீரென்று சுண்டி இழுக்கும். இல்லையென்றால் பின்தொடை பிடித்துக்கொள்ளும். பெடலைச் சுற்றவும் முடியாது, காலைக் கீழே ஊன்றவும் முடியாது.

அந்த நேரத்தில் கூட வருகிறவர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "உப்பு குறைஞ்சிடுச்சுண்ணே, ஒரு ஓ.ஆர்.எஸ். கலக்கிக் குடிங்க."

அது தப்பான யோசனை இல்லை. ஆனால் கதையில் பாதிதான். கடலூரில் பிடிக்கிற கால், பல நேரம் அரியாங்குப்பத்திலேயே கெட்டுப்போயிருக்கும். அதாவது, குளிர்ந்த காற்றில் உற்சாகமாக மிதித்த அந்த முதல் ஒரு மணி நேரத்தில். இந்த வீடியோவில் அதைத்தான் விளக்கப் போகிறேன். உப்பு, தண்ணீர் பற்றியும் சொல்கிறேன், ஆனால் வரிசையில் அது இரண்டாவது.

[திரையில்: ஆடுசதை, அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண், அங்கிருந்து தண்டுவடத்துக்குப் போகும் நரம்பு]

முதலில், உள்ளே என்ன நடக்கிறது? ஒரு தசை எவ்வளவு சுருங்க வேண்டும் என்று தண்டுவடத்திலிருந்து வரும் நரம்பு உத்தரவு போடுகிறது. அந்த நரம்புக்கு இரண்டு இடங்களிலிருந்து தகவல் போகும். தசைக்குள் இருக்கும் நுண்ணிய உணர்விகள் "சுருங்கு" என்று தூண்டுகின்றன. தசையை எலும்போடு கட்டுகிற தசைநாணில் இருக்கும் உணர்விகள், இழுவிசை கூடும்போது "போதும், விடு" என்று அடக்குகின்றன. தசை களைத்துப்போனால் தூண்டுகிற பக்கம் ஓங்கி, அடக்குகிற பக்கம் தளர்கிறது. அப்புறம் நரம்பு நிறுத்தாமல் உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும். தசையும் சுருங்கியபடியே நின்றுவிடும். அதிலும், ஏற்கெனவே குறுகிய நிலையில் இருக்கும் தசையை மேலும் சுருக்கி வேலை வாங்கினால் பிடிப்பு சீக்கிரம் வரும்.

இந்த விளக்கத்தை 1990களில் முன்வைத்தவர் தென் ஆப்பிரிக்காவின் விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் மார்ட்டின் ஷ்வெல்னஸ். அதற்கு முன்பு உப்பு இழப்புதான் காரணம் என்ற கருத்தே ஓங்கியிருந்தது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், நீராவிக் கப்பல்களில் அடுப்புக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவர்கள், 1930களில் அமெரிக்காவின் ஹூவர் அணையைக் கட்டியவர்கள் எல்லோரும் கடும் வெப்பத்தில் வியர்த்துக் கொட்டி, தசைப்பிடிப்பில் துடித்திருக்கிறார்கள். உப்பு கொடுத்ததும் தேறியிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். உப்பு குறைந்தால் உடம்பு முழுக்க ஓடுகிற ரத்தத்தில்தானே குறையும்? பிடிப்பு ஏன் மிதித்த காலில் மட்டும் வருகிறது, கையில் ஏன் வருவதில்லை? பிடித்த காலை நீட்டி இழுத்தால், ஒரு துளி உப்பு உள்ளே போகாமலேயே ஏன் விட்டுவிடுகிறது? இந்த இரண்டு கேள்விக்கும் களைப்பு என்கிற விளக்கம்தான் பொருந்துகிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் ஷ்வெல்னஸ் குழு, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டியில் 210 பேரைக் கவனித்தது. பிடிப்பு வந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தண்ணீர் இழந்திருக்கவில்லை. வேகமாகப் போனதும், முன்பே பிடிப்பு வந்த அனுபவம் இருந்ததும்தான் அவர்களைப் பிரித்துக் காட்டின.

[காட்சி: கன்னியக்கோயில், முள்ளோடை வழியாக நீளும் தட்டையான சாலை]

சரி, இதை நம் சாலைக்குக் கொண்டு வருவோம். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், எல்லாமே சமதளம். தென்பெண்ணைப் பாலம், வெள்ளாற்றுப் பாலம் தவிர ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. இதைக் கேட்டால் சுலபமாகத் தோன்றும். ஆனால் ஏற்றம் இல்லாத சாலையில் இறக்கமும் இல்லை. மலைப் பாதையில் ஏறியவருக்கு இறங்கும்போது கால் சும்மா இருக்கும். இங்கே நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 4,800 சுற்று. அத்தனையும் ஒரே உட்காரும் நிலையில், ஒரே கோணத்தில். நம் தட்டைச் சாலைதான் காலுக்கு ஓய்வே தராத சாலை என்று நான் சொல்வேன்.

அதனால் ஓய்வை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று கொஞ்சம் மிதியுங்கள். நிற்கும்போது, கீழே இருக்கும் காலின் குதிகாலை மெதுவாகத் தாழ்த்துங்கள். ஆடுசதை நன்றாக நீளும். பின்னால் லாரி, பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கடலூர்ச் சாலை பஸ்கள் காத்திருக்காது.

அடுத்து காற்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சிதம்பரத்திலிருந்து வடக்கே திரும்பும்போது காற்று முகத்தில் அடிக்கும். காலையில் மணிக்கு 28 கிலோமீட்டரில் போனவர், திரும்பும்போதும் அதே 28ஐ மீட்டரில் பார்க்க வேண்டும் என்று பெரிய கியரில் அழுத்துவார். பிடிப்பு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். எதிர்காற்று வந்தால் வேகத்தை மறந்துவிடுங்கள். கியரைக் குறைத்து, நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வருகிற மாதிரி லேசாகச் சுற்றுங்கள். கியர் இல்லாத சைக்கிள் என்றால் வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி. அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

முதல் மணி நேரத்துக்கு ஓர் எளிய சோதனை சொல்கிறேன். பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு எடுத்தால், நீங்கள் திரும்பி வரும் வழிக்கு வைத்திருக்க வேண்டிய சக்தியை இப்போதே செலவழிக்கிறீர்கள். குழுவாகப் போகும்போது இது இன்னும் முக்கியம். முன்னால் போகிற இளைஞரின் வேகம் அவருடைய காலுக்கானது.

பழக்கமும் அப்படித்தான். 70 கிலோமீட்டரைத் தாண்டாதவர், நண்பர்கள் அழைத்தார்கள் என்பதற்காக நேராக 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம்.மில் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் பயணத்தில்) இறங்கினால் பிடிப்பு வருவதில் ஆச்சரியமே இல்லை. அந்த 200ஐ முடிக்க பதிமூன்றரை மணி நேரம் தருகிறார்கள். அவசரமே தேவையில்லை, ஆனால் கால் அவ்வளவு நேரத்துக்குப் பழகியிருக்க வேண்டும். 80, 100, 130 என்று சில வாரங்களில் படிப்படியாக ஏற்றுங்கள். வீட்டு மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சியையும் வாரத்தில் சில நாள் செய்தால் ஆடுசதை பலப்படும்.

[திரையில்: சீட் உயரம் பார்க்கும் முறை]

சீட் உயரத்தைப் பற்றி ஒரு நிமிடம். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் கடைசி வரை நீளாது, முன்தொடை ஓயாமல் இழுபடும். ரொம்ப உயர்ந்திருந்தால் பாதம் பெடலை எட்டுவதற்காக விரல் நுனியில் மிதிப்பீர்கள், ஆடுசதை குறுகிய நிலையிலேயே வேலை செய்யும். பிடிப்பை வரவழைப்பது அதே நிலைதான் என்று சற்று முன் பார்த்தோம். சீட்டில் உட்கார்ந்து பெடலைக் கீழே கொண்டுவந்து அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அதே உயரத்தில் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கும். சரியான உயரம் அதுதான்.

இப்போது உப்புக்கு வருவோம். களைப்புதான் முதல் காரணம் என்றாலும், கடலோரத்தில் வாழும் நாம் வியர்வையைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. விடியற்காலை குளிராக இருந்தாலும் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாமல் வழிந்து விழும். காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, அதனால் இன்னும் வியர்க்கும். ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ 500 முதல் 1,800 மில்லிகிராம் வரை சோடியம் போகலாம். ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம். ஹெல்மெட் வாரிலும் கறுப்புச் சட்டையிலும் வெள்ளையாக உப்பு படிகிறதென்றால் நீங்கள் அதிகம் இழக்கிற ரகம்.

எவ்வளவு வியர்க்கிறது என்பதை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் போயிருக்கிறது. நடுவில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு கவனம் வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடிப்பது நல்லதல்ல. 2019இல் ஆஸ்திரேலியாவில் பத்து ஆண்களை வெப்பத்தில் ஓடவைத்துச் சோதித்தார்கள். வெறும் தண்ணீர் குடித்த பிறகு அவர்கள் தசைகள் முன்பைவிடச் சுலபமாகப் பிடித்துக்கொண்டன. ஓ.ஆர்.எஸ். மாதிரி உப்புச் சத்துள்ள நீரைக் குடித்தபோது அப்படி ஆகவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நம் வெயிலுக்கு அவசியமான எச்சரிக்கை. அளவுக்கு மீறித் தண்ணீரைக் குடித்து ரத்தத்தில் சோடியம் சரிந்தால் உயிருக்கே ஆபத்து.

[காட்சி: பாட்டிலில் எலுமிச்சம்பழம் பிழியும் கை]

வீட்டில் கலப்பதற்கு: ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு எலுமிச்சம்பழம், கால் டீஸ்பூன் உப்பு, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை. இதில் சுமார் 600 மில்லிகிராம் சோடியம் கிடைக்கும். கால் மிதிக்கத் தேவையான மாவுச்சத்தும் கொஞ்சம் கிடைக்கும். மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வரை, மடக்கு மடக்காகக் குடியுங்கள். கடையில் ஓ.ஆர்.எஸ். வாங்கினால் உறையைப் படித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். அதில் சர்க்கரை குறைவு, ஆகவே கூடவே சாப்பிடவும் வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறவர்களுக்கு அருமையான பானம்.

வாழைப்பழமும் இளநீரும்? இரண்டையும் நான் விடச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டிலும் நிறைய இருப்பது பொட்டாசியம். வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம். வாழைப்பழத்தில் சோடியம் இல்லை என்றே சொல்லலாம். இளநீரில் இருக்கிறது, ஆனால் நம் இழப்புக்குப் போதாது. வாழைப்பழத்தை அதன் மாவுச்சத்துக்காகச் சாப்பிடுங்கள், ஒன்றில் 25 கிராம் அளவுக்குக் கிடைக்கும். நீண்ட பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் தேவை. தசையில் சேமித்த சர்க்கரை தீர்ந்தால் களைப்பு சீக்கிரம் வரும், களைப்போடு பிடிப்பும் வரும். வழியில் இளநீர்க் கடையில் நின்றால் கூடவே ஒரு கைப்பிடி உப்புக் கடலையோ பண்ருட்டி முந்திரியோ மென்றுகொள்ளுங்கள்.

மக்னீசியம் மாத்திரைக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். 2020இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, வயதானவர்களின் தசைப்பிடிப்புக்கு அதனால் பெரிய பயன் இருக்க வாய்ப்பில்லை என்றது. உடற்பயிற்சியில் வரும் பிடிப்புக்கோ தரமான சோதனையே அதில் கிடைக்கவில்லை.

வெள்ளரி ஊறுகாய்ச் சாறு பற்றியும் கேட்பீர்கள். 2010இல் அமெரிக்காவில் நடந்த சோதனையில், மின்தூண்டலால் வரவழைத்த பிடிப்பு அந்தச் சாற்றைக் குடித்ததும் தண்ணீரைவிடச் சீக்கிரமாக, ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் விட்டது. அவ்வளவு சீக்கிரம் உப்பு ரத்தத்தில் சேர முடியாது. தொண்டையில் படும் வினிகரின் புளிப்பு நரம்பு வழியாகப் பிடிப்பை அடக்குகிறது என்று கருதுகிறார்கள். நம் எண்ணெய் ஊறுகாய் வேறு பொருள், அதே பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

[காட்சி: சாலையோரப் புளியமர நிழல். ஒருவர் உட்கார்ந்து காலை நீட்டுகிறார்.]

இத்தனைக்கும் மேல் நடுவழியில் பிடித்துவிட்டால்? பதறாமல் வேகத்தைக் குறைத்து, சாலையை விட்டு முழுதாக இறங்கிவிடுங்கள். ஆடுசதை என்றால் உட்கார்ந்து காலை நீட்டி, முன்பாதத்தைப் பிடித்து உங்கள் பக்கமாக மெதுவாக இழுங்கள். முன்தொடை என்றால் சைக்கிளைப் பிடித்து நின்றுகொண்டு, கணுக்காலைப் பின்னால் மடக்கிப் பிடியுங்கள். பின்தொடை என்றால் குதிகாலை ஒரு மைல்கல்லிலோ கட்டையிலோ வைத்து, முழங்காலை நீட்டி, இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். வெட்டி இழுக்காதீர்கள். அரை நிமிடம் பிடித்து, விட்டு, மறுபடி. தசைநாணில் இழுவிசை கூடும்போது அந்த "போதும், விடு" உத்தரவு போய்ச் சேரும். விட்ட பிறகும் கொஞ்ச நேரம் அந்தத் தசை மறுபடி பிடிக்கத் தயாராகவே இருக்கும். உப்புக் கரைசலைக் குடித்து, பத்து நிமிடம் நிழலில் இருந்துவிட்டு, சின்ன கியரில் வீடு வந்து சேருங்கள். அன்று விட்ட நேரத்தைப் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரையோ கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையோ சாப்பிடுகிறவர்களுக்கு அடிக்கடி பிடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிடிப்போடு தலைசுற்றலும் வாந்தியும் குழப்பமும் வந்தாலோ, ஓட்டி முடித்த பின் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனாலோ, ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலி நாள்கணக்கில் நீடித்தாலோ, வீட்டில் தைலம் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.