எங்க வீடு பஸ்ஸுதான், ஏறிக்கோங்க

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், ரெண்டு அணிக்கும் வணக்கம், பொங்கச்சோறு தின்ன கையோட வந்து உக்காந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். வணக்கம் முடிஞ்சுது. எட்டு நிமிஷம் குடுத்திருக்காங்க, அதுல கரண்டு எத்தன நிமிஷம் இருக்கும்னு தெரியாது.

பெரிய குடும்பத்துல ஒரு வருஷத்த ஓட்டுறது வரமா பாரமா, இதான் தலைப்பு. நான் வரம்னு பேசணுமாம். நானா கேக்கலைங்க, சீட்டு குலுக்கிப் போட்டாங்க, அப்படி விழுந்துச்சு. என் மாமியார் மூணாவது வரிசையில உக்காந்திருக்காங்க, சீட்டு எப்படி விழுந்திருந்தாலும் நான் வரம்னுதான் பேசியிருப்பேன்.

பாயிண்ட் எல்லாம் ரெண்டு பக்கம் எழுதிட்டு வந்தேன். ஆனா எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தம்பி ஒண்ணு சொன்னாரு பாருங்க, "அக்கா வீட்டுல 23 பேரு, அது வீடில்லைங்க, நம்ம யாங்கோன்ல ஓடுற ஒய்.பி.எஸ். டவுன் பஸ்ஸு, ஏறுறவன் ஏறிக்கிட்டே இருக்கான், எறங்குறவன் ஒருத்தனும் இல்ல"ன்னு. நீங்கள்லாம் விசில் அடிச்சீங்க. என் வீட்டுக்காரரும் கை தட்டினாரு, பாத்தேன். வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம். பேப்பர மடிச்சு வச்சுட்டேன் ஐயா, இனிமே பஸ்ஸப் பத்தி மட்டும்தான் பேசப்போறேன்.

தம்பி, நீங்க கிண்டலாத்தான் சொன்னீங்க, ஆனா எங்க மாமனாரு நெசமாவே பஸ்ல ஸ்பேருங்க. நடுவர் ஐயா காரைக்குடியிலேர்ந்து வந்திருக்கீங்க, உங்களுக்காகச் சொல்றேன், கண்டக்டர இந்த ஊர்ல ஸ்பேருன்னுதான் சொல்லுவோம். 2017-ல ஒய்.பி.எஸ். வந்து காசுக்குப் பெட்டி வச்சாங்க பாருங்க, அதுக்கு முன்னாடி ஸ்பேர் இல்லாம பஸ் நகராது. மர பாடி பஸ்ஸு, படியில ஒத்தக்கால்ல தொங்கிக்கிட்டு, லோஞ்சிய மடிச்சுக் கட்டிக்கிட்டு கத்துவாங்க. ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடி "தாம்வே பாலா?"ம்பாங்க, நம்ம பேட்டை தாம்வேல எறங்க ஆள் இருக்கான்னு அர்த்தம். இருந்தா உள்ளேர்ந்து "பாதே!", இருக்குன்னு குரல் வரும். இல்லேன்னா "மபாயின் ஸ்வே", இல்லாட்டி இழுத்துக்கிட்டுப் போன்னு டிரைவருக்கு சொல்லிட்டு வண்டியத் தட்டுவாங்க. பாலா, பாதே, ஸ்வே. இந்த மூணு வார்த்தையில எங்க மாமனாரு முப்பது வருஷம் சோறு போட்டாரு.

இப்ப கதைக்கு வர்றேன். 1999-ல எனக்குக் கல்யாணம். பெகு பக்கத்துல அப்பா அம்மா நான், மூணே பேரு இருந்த வீட்லேர்ந்து இங்க வர்றேன். மொத நாள் ராத்திரி. வாசப்படி தாண்டினதுலேர்ந்து எத்தன பேரு கால்ல விழுந்தேன்னு எனக்கே கணக்கில்ல, ஒருத்தர் கால்ல ரெண்டு தடவ கூட விழுந்திருக்கேன். பால் சொம்போட ரூமுக்குள்ள போயாச்சு, கதவ சாத்தியாச்சு, ஒம்போது மணி, மீ போச்சு. மீன்னா கரண்டு ஐயா. கும்மிருட்டு. எனக்கு பயம். அவருக்கு என்னை விட பயம். அப்போ கூடத்துலேர்ந்து கனத்த குரல்ல ஒரு சத்தம், "பெரியவன் பாலா?"

என் வீட்டுக்காரரு கட்டில்ல உக்காந்தபடியே "பாதே!"ங்கிறாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பஸ் எங்கேர்ந்துடா வந்துச்சு? அடுத்து "நடுவுலவ பாலா?", மாடியிலேர்ந்து பொம்பளக் குரல் "பாதே!" "சின்னவன் பாலா?" "பாதே!" "தங்கச்சி வீட்டாளுங்க பாலா?" சமையக்கட்டுலேர்ந்து நாலு குரல் ஒண்ணா "பாதே!" பாட்டி பாலா, பாட்டிக்குக் காது கேக்காது, பாட்டிக்கு பதிலா இன்னொருத்தர் பாதே. நான் அவரு காதுல, ஏங்க இது என்னங்கன்னு கேக்குறேன், அவரு ச்சூங்கிறாரு. அதுக்குள்ள அந்தக் குரல் எங்க ரூம் கதவுக்கிட்ட வந்து நின்னுடுச்சு. "பெரிய மருமக பாலா?"

என்ன சொல்லுவீங்க? பாதேன்னு சொல்றதா? பாதேன்னா பஸ்ல எறங்கணும்னு அர்த்தமாச்சே! வந்த மொத நாளே எறக்கி விட்ருவாங்களோன்னு பயம். பேசாம இருந்தேன். திரும்பவும், "பெரிய மருமக பாலா?" வீடே மூச்ச அடக்கிக்கிட்டு இருக்கு. அவரு என் விலாவுல ஒரு இடி இடிச்சாரு. நான் பயத்துல தொண்ட கிழிய "பாதேஏஏ!"ன்னு கத்தினேன் பாருங்க, அதே நேரத்துக்கு கரண்டு வந்துடுச்சு. தெருவே வழக்கம்போல "மீ லாபீ!"ன்னு கத்துது, எனக்கு ஊரே என்னைத்தான் கத்துதுன்னு ஆயிடுச்சு. பால் சொம்பு தரையில. வீடு பூரா சிரிக்குது. மாமனாரு மட்டும் சிரிக்கல. "சரி. மபாயின் ஸ்வே"ன்னாரு, வாசக்கதவுத் தாழ்ப்பா விழுந்த சத்தம் கேட்டுச்சு.

மறுநா காலையில பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா மொகிங்கா கிண்ணத்தோட வந்து நிக்கிறாங்க. கிண்ணத்த கையில குடுக்காம என் மூஞ்சியப் பாத்து "மருமக பாலா?"ங்கிறாங்க. மீன்காரன் கேக்குறான் பாலா. காளி கோயில்ல பூ விக்கிற கிழவி கேக்குது பாலா. இப்ப நீங்கள்லாம் சிரிக்கிற மாதிரி 26 வருஷமா தாம்வே சிரிக்குது.

மாமனாரு ஏன் எண்ணினாருன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. 1964. இங்க இருக்கிற பெரியவங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, 50, 100 நோட்டு செல்லாதுன்னாங்க, நம்ம சனம் லட்சக்கணக்குல கெளம்புச்சு. இவருக்கு 19 வயசு, கூடப்பொறந்தவங்க நாலு பேரு, எல்லாரும் மெட்ராஸ் கப்பல் ஏறினாங்க, இவரு மாமாகூட இங்கயே தங்கிட்டாரு. துறைமுகத்துல இவங்கம்மா புள்ளைங்கள எண்ணி எண்ணி ஏத்தினாங்களாம், இவரு இல்லாத எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கொறஞ்சுதாம். அந்த நாலு குடும்பமும் இப்ப வியாசர்பாடியில இருக்கு, அதுல ஒருத்தர் பீச் பக்கம் அத்தோ கடை போட்டாரு. நம்ம பர்மா நூடுல்ஸ் அத்தௌக் அங்க போய் அத்தோ ஆயிடுச்சு, அது தனிப் பட்டிமன்றம்.

இப்ப போன வருஷத்துக்கு வர்றேன். தம்பி, எறங்குறவன் ஒருத்தனும் இல்லன்னீங்க இல்ல? எறங்கினாங்க தம்பி. வருஷம் பொறக்கும்போது எங்க வீட்டுல 18 பேரு. மாசி மாசம் மாமனாரு எறங்கிட்டாரு. எண்பது வயசு, தூக்கத்துலயே. பதினேழு. அன்னிக்கு ராத்திரி ஒம்போது மணிக்கு வீடு பூரா முழிச்சுக்கிட்டு இருக்கு, யாரும் எண்ணல. பெரியவன் எண்ணட்டும்னு எல்லாரும் என் வீட்டுக்காரரப் பாக்குறாங்க, அவரு எந்திரிச்சுப் போய்ட்டாரு. ஒரு மாசத்துக்கு மேல யாரும் எண்ணாமலே படுத்தோம்.

மார்ச் 28, வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒரு மணி அடிக்கல இன்னும். இங்க நமக்கு ஆட்டத்தோட போச்சு, கொடத்துல தண்ணி அலம்புச்சு, குழாயடிக்கு ஓடினோம். கொஞ்ச நேரத்துல சேதி வருது, பூகம்பம், 7.7, மண்டலே, சகாயிங், பழைய அவா பாலம் ஆத்துல கெடக்கு. எங்க நாத்தனாரு, அந்த நடுவுலவ, கட்டிக்குடுத்தது மண்டலேயில. வீட்டுக்காரரு, மூணு புள்ளைங்க, அஞ்சு பேரு. போன் போகல. பதினேழு பேரும் ஆளுக்கொரு போன வச்சுக்கிட்டு அதே நம்பர அடிக்கிறோம். தம்பி, உங்க வீட்டுல மூணு பேருன்னீங்க, மூணு போனு. நான் இத பெருமைக்கு சொல்லல. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

ராத்திரி ஒம்போது மணி. இருட்டு. எங்க மாமியாரு, மூணாவது வரிசையில இருக்காங்களே அவங்க, வாழ்க்கையில குரல ஒசத்திப் பேசாதவங்க, கூடத்துல எந்திரிச்சு நின்னு, "பெரியவன் பாலா?"ன்னாங்க. எங்களுக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. இவரு பாதேன்னாரு, குரலே வரல. இதுல ஒண்ணு சொல்லணும், மாமனாரு எண்ணுவாரே, நாத்தனாரக் கட்டிக்குடுத்த பின்னாடி அந்தப் பேரு வர்ற எடத்துல ஒரு தடவ தொண்டையச் செருமிட்டு அடுத்த பேருக்குப் போவாரு. இருபது வருஷமா அந்த எடத்துல ஒரு செருமல்தான். அன்னிக்கு மாமியாரு செருமல. "நடுவுலவ பாலா?"ன்னாங்க.

யாரும் பேசல. பேசாம நின்னாங்க. அப்புறம் சின்னவன் பாலா, மருமக பாலா, எல்லாம் கேட்டு முடிச்சாங்க, ஆனா ஸ்வேங்கல. கதவ சாத்தல. ராத்திரி பூரா வாசக்கதவு தெறந்து கெடந்துச்சு, மாமியாரு நெலப்படியில சாஞ்சுக்கிட்டே இருந்தாங்க. ரெண்டாம் ராத்திரியும் அப்படித்தான். கொசு தின்னுச்சு, ஒருத்தரும் கதவப் பத்திப் பேசல.

மூணாம் ராத்திரி, எண்ணிக்கிட்டு இருக்கும்போதே தெரியாத நம்பர்லேர்ந்து போன் வந்துச்சு. மாமியாரு வாங்கி ஹலோன்னு சொல்லல, எப்படி இருக்கேன்னு கேக்கல. "நடுவுலவ பாலா?" அந்தப் பக்கம் காத்து சத்தம், யாரோ எங்கயோ பர்மாவுல கத்துற சத்தம், அவங்க ரோட்டுல படுத்திருந்தாங்க ஐயா, வீடு பாளம் பாளமா வெடிச்சுப்போச்சு. அப்புறம் குரல் வந்துச்சு. "பாதேம்மா. அஞ்சு பேரும் பாதே."

மாமியாரு போன என் கையில குடுத்துட்டு ஸ்வேன்னாங்க. தாழ்ப்பாளப் போட்டாங்க.

தண்ணித் திருவிழாவுக்கு முன்னாடி அஞ்சு பேரும் வந்து எறங்கினாங்க, ஆளுக்கொரு பை, அவ்ளோதான் சொத்து. யாரும் ஒரு வார்த்த பேசல, எங்க வைக்கிறது யாரு பாக்குறதுன்னு கேக்கல. மறுநா காலையில அரிசி அளக்கும்போது பாத்தேன், எப்பவும் ஒம்போது பால்டப்பா அளக்குற கை, பதினொண்ணு அளந்துச்சு. அவ்ளோதான் மீட்டிங்கு. வீட்டுப் பட்டியல் பாக்க வந்தவரு மட்டும் 22 பேருக்கும் 22 பர்மாப் பேரு இருக்கிறதப் பாத்துட்டு, இது ஹாஸ்டலான்னு கேட்டாரு.

அப்புறம் என் பெரிய பையன். இருபத்திமூணு முடிஞ்சு இருபத்திநாலு. ஆனி மாசம் மலேசியா போய்ட்டான். ஏன்னு கேக்காதீங்க, இங்க வயசுப்பையன வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும். இருபத்தியொண்ணு. ஐப்பசியில என் ஓரகத்திக்கு ரெட்டப்புள்ள, ரெண்டும் பொண்ணு, இருபத்திமூணு. ராத்திரி எண்ணும்போது மாமியாரு "புதுசு ஒண்ணு பாலா, புதுசு ரெண்டு பாலா"ம்பாங்க, ஒண்ணு கத்தும், அதக் கேட்டு இன்னொண்ணு கத்தும்.

எம் பையன் பேரையும் கூப்புடுறாங்க தம்பி. நம்மகிட்ட ஒம்போதுன்னா அவன்கிட்ட பத்தரை, அப்பத்தான் ஷிப்ட் விட்டு வருவான். மாமியாரு அவன் பேரச் சொல்லிட்டு என் போனப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. ஒரு சத்தம் வரும், ரெண்டு செகண்டு வாய்ஸ் மெசேஜு. அவன் என்கிட்ட சரியாப் பேசுறதே இல்லைங்க, சாப்பிட்டியான்னா ம், சம்பளம் வந்துச்சான்னா ம். ஆனா அந்த ஒரு வார்த்தைய மட்டும் ஒரு நாள் விடல. போன வாரம் இங்க லைன் இல்ல, ரெண்டு நாள் எதுவும் வரல. கதவு தெறந்துதான் கெடந்துச்சு, மாமியாரு நெலப்படியில, இந்தத் தடவ அவங்க பக்கத்துல நான். மூணாவது நாள் விடியக்காலையில ரெண்டு மெசேஜும் ஒண்ணா வந்து விழுந்துச்சு. பாதே. பாதே.

நடுவர் ஐயா மணிய எடுத்துட்டாரு. தம்பி, கால கொஞ்சம் ஒதுக்குங்க, எறங்கணும்.