ஒரே ஒரு கேமுக்காக வருகிறவர்கள்

வணக்கம். காசு போட்டு, நின்றுகொண்டே விளையாடும் அந்தப் பெரிய பெட்டியைத்தான் ஆர்கேட் கேம் என்கிறோம். பெட்டிக்குள் இருந்த சர்க்யூட் போர்டு எப்படி வேலை செய்ததோ, அதே மாதிரி கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளை நடிக்க வைப்பது எமுலேஷன். இதைச் செய்கிறவர்களில் அநேகமாக யாருக்கும் சம்பளம் கிடையாது. நானும் சில வருடங்களாக இதில் கை வைத்திருப்பதால், ஆளை எங்கே பிடிக்கிறீர்கள், பிடித்த ஆள் ஏன் ஓடிவிடுகிறார் என்று நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டவர்கள் கேட்டார்கள்.

"தன்னார்வலர்கள் தேவை" என்று பொதுவாக அறிவித்தால் வருகிறவர்களில் பெரும்பாலோர் எந்தெந்த கேம் ஓடும் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தப்பில்லை, விளையாடத்தானே வந்தார்கள். திறமைசாலி வருவது வேறு மாதிரி: சின்ன வயதில் பைத்தியமாக விளையாடிய ஒரு கேம், அதில் மூன்றாவது கட்டத்தில் இசை கொஞ்சம் மெதுவாகப் போகிறது, அசலில் அப்படி இல்லை என்று அவருக்கு மட்டும் உறுத்துகிறது. அதனால் எங்கள் வேண்டுகோளையும் அப்படியே எழுத ஆரம்பித்தோம். இந்த கேம், இந்தக் கட்டம், இந்த சிப்பில் இருக்கும் டைமர் மேல் சந்தேகம், அசல் போர்டு வைத்திருப்பவர் யாராவது அளந்து சொல்ல முடியுமா? பத்தாயிரம் பேர் அதைத் தாண்டிப் போவார்கள், ஒருவருக்குத் தூக்கம் போகும். நமக்கு வேண்டியது அந்த ஒருவர்தான்.

அவர் புரோகிராமராக இருக்க வேண்டும் என்பதில்லை, இதைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். 1972ல் வந்த பாங் விளையாட்டில் பிராசஸரே இல்லை, வெறும் லாஜிக் சிப்களின் கூட்டம். அதை எமுலேட் செய்யச் சுற்றுப்படம் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இன்டெல் 8080 என்ற பிராசஸரில் ஓடியது, பாக்-மேன் இசட்80 பிராசஸரில். அந்தப் பழைய இசட்80 சிப் தயாரிப்பை நிறுத்துவதாக 2024ல் அதன் தயாரிப்பாளரான ஸைலாக் அறிவித்தது, அதன் அசெம்ப்ளி மொழியைத் தடுமாறாமல் படிக்கிறவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்புறம், அமிலம் விட்டு சிப்பின் மூடியைக் கரைத்து, உள்ளே இருப்பதை மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்து, பிட் பிட்டாகப் படிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கேம் விளையாடியே நான் பார்த்ததில்லை!

கேப்காம் என்ற கேம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 போர்டு இதற்கு நல்ல உதாரணம். அதன் புரோகிராம் மறைகுறியாக்கப்பட்டது, அதைத் திறக்கும் சாவி பேட்டரியின் தயவில் நினைவகத்தில் இருக்கும். பேட்டரி செத்தால் போர்டும் செத்தது. அந்தப் புரோகிராமைப் படிக்க 2001ல் ஒரு குழு கண்டுபிடித்த வழிக்கு ஒவ்வொரு கேமுக்கும் உயிரோடு இருக்கும் போர்டு ஒன்று வேண்டியிருந்தது. 2007ல் ஆண்ட்ரியாஸ் நைவ் என்ற பெயரில் எழுதியவரும் நிக்கோலா சால்மோரியாவும் சேர்ந்து மறைகுறியாக்க முறையையே உடைத்தார்கள். ஆர்கேட் கேம்களுக்கான மேம் எமுலேட்டரை 1997ல் விரல்விட்டு எண்ணும் அளவு கேம்களோடு தொடங்கிய இத்தாலிக்காரர்தான் அந்த சால்மோரியா. அப்போது வேறு எமுலேட்டர்களும் இருந்தன. மூலநிரலை வெளியே விடாதவற்றில் பல, எழுதினவர் விட்டுப் போனதோடு முடிந்துபோயின.

சரி, வந்தவரை வைத்துக்கொள்வது எப்படி? என் கதையையே சொல்கிறேன். நான் முதன்முதலில் ஒரு சின்னத் திட்டத்துக்கு நிறத்தைச் சரிசெய்யும் ஒரு வரித் திருத்தம் அனுப்பினேன். ஐந்து மாதம் பதிலே இல்லை. நானும் விட்டுவிட்டேன், அந்தத் திட்டமும் இப்போது இல்லை. பிறகு வேறோர் இடத்துக்கு அதே மாதிரி ஒன்று அனுப்பினேன், அன்று இரவே பதில்: "நீங்கள் போட்ட எண் தப்பு, ஆனால் பார்த்த இடம் சரி. சுற்றுப்படத்தில் ரெசிஸ்டர் மதிப்பைப் பார்த்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்." அந்தக் காலத்து போர்டுகள் பலவற்றில் நிறத்தின் அளவு ரெசிஸ்டர்கள் வழியாகத்தான் தீர்மானமாகும், பாக்-மேனில் 1000, 470, 220 ஓம். எனக்கு அது தெரியாது. தப்பு என்று சொல்லியும் ஏன் மகிழ்ச்சியாக இருந்தது என்றால், யாரோ ஒருவர் உட்கார்ந்து முழுதாகப் படித்திருக்கிறார். புதியவரின் முதல் திருத்தத்துக்கு ஒரு வாரத்துக்குள் பதில் போகவில்லை என்றால் ஆளை மறந்துவிடலாம் என்பது என் கணக்கு.

அடுத்தது நம்பிக்கை. மேம் நிரலை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தை மாற்ற நினைத்தபோது, பல வருடங்களாகப் பங்களித்தவர்களைத் தேடித் தேடிச் சம்மதம் கேட்டார்கள், 2016ல்தான் அது முடிந்தது. அலுப்பான வேலை, நிரல் எழுதுவதைவிட அலுப்பு. மறுபக்கம், 2019ல் எஃப்பி ஆல்ஃபா எமுலேட்டரை ஒரு வணிகக் கருவிக்குக் கொடுத்தது பற்றித் தகராறு வந்து, அதன் டெவலப்பர்கள் பிரிந்து ஃபைனல்பர்ன் நியோ என்று தனியாகத் தொடங்கினார்கள். சும்மா உழைக்கிறவருக்குப் பணம் வராதது வருத்தமில்லை. தன் உழைப்பை வைத்துத் தன்னைக் கேட்காமல் இன்னொருவர் முடிவெடுத்தால்தான் பொறுக்காது.

இன்னொரு தொல்லை, "எப்போ சரியாகும்" என்று தினமும் கேட்கும் பயனர்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு பொறுமைசாலியைத் தனியாக உட்கார வைக்க வேண்டும். அதுவும் ஒரு திறமைதான், நிரல் எழுதுகிறவர்களிடம் அபூர்வமாக இருக்கும் திறமை.

ஆள் போவார், போகட்டும். குழந்தை பிறக்கும், வேலை மாறும், அலுத்துப்போகும். போகும்போது எங்கே நிறுத்தினார், எதைச் சந்தேகப்பட்டார் என்பதை மட்டும் அந்த கேமுக்கான நிரல் இருக்கும் டிரைவர் கோப்பிலேயே குறிப்பாக எழுதி வாங்கிக்கொள்கிறோம், அவர் பெயரையும் அங்கிருந்து எடுப்பதில்லை. முதலில் சொன்னேனே, இசை மெதுவாகப் போகும் கேம், அதற்காக வந்தவர் மூன்று வருடம் காணாமல் போனார். போன மாதம் ஒரு வரி அனுப்பியிருக்கிறார்: "டைமர் சரிதான், கிரிஸ்டலை யாராவது அளந்து பார்த்தீர்களா?" கிரிஸ்டல் என்றால் போர்டின் கடிகாரத் துடிப்பைத் தரும் பாகம். அதை இன்னும் யாரும் அளக்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் யாரிடமாவது அந்த போர்டும், மின் துடிப்பை அளக்கும் ஓர் ஆசிலோஸ்கோப்பும் இருந்தால் சொல்லுங்கள்.