சாய்ஞ்ச கொட்டை செல்லாது!

(கடலூரில் பொங்கல் விடுமுறையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: குடும்பத்தைச் சேர்த்து வைப்பது சினிமாவா, புத்தகமா, கட்டம் போட்டு ஆடும் ஆட்டமா? ஆட்டத்தின் பக்கம் பேசியவரின் உரை.)

நடுவர் அவர்களுக்கும் மஞ்சக்குப்பத்து மக்களுக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

வர விட்டாத்தானே! சினிமா அணி அண்ணன் என்ன சொல்லிட்டு உட்கார்ந்தார்? "தாயக்கட்டை யாரைச் சேர்த்துச்சு? சகுனியையும் துரியோதனனையும் சேர்த்துச்சு. அஞ்சு அண்ணன் தம்பியைக் காட்டுக்கு அனுப்புச்சு. ஒரு பொண்ணைச் சபையில இழுத்து நிறுத்துச்சு. இதையா வீட்டுக் கூடத்துல விரிக்கச் சொல்றீங்க?"ன்னார். நீங்களும் கை தட்டினீங்க. அந்தக் கைதட்டலைத் திருப்பி வாங்காம நான் இந்த மைக்கை விட மாட்டேன்.

அண்ணே, அந்தச் சூதாட்டத்தை நம்ம நெஞ்சு பதறப் பாடினது யாரு? பாரதி. எங்க உட்கார்ந்து? இதோ, பஸ் ஏறினா வந்துடுற புதுச்சேரியில. 1908லேருந்து பத்து வருஷம் அங்க இருந்தார். பாஞ்சாலி சபதம் முதல் பாகம் 1912ல வந்துச்சு. 1918 நவம்பர்ல புதுச்சேரியை விட்டுக் கிளம்பினவரைப் பிடிச்சு எங்க அடைச்சாங்க? நம்ம கடலூர் ஜெயில்ல. அதனால அவரைச் சாட்சிக்குக் கூப்பிட நமக்குப் பாத்தியதை இருக்கு. தருமன் நாட்டை வச்சு இழந்ததும் பாரதிக்கு வர்ற கோபத்தைக் கேளுங்க:

"கோயிற் பூசை செய்வோர் சிலையைக்
கொண்டு விற்றல் போலும்,
வாயில் காத்து நிற்போன் வீட்டை
வைத்திழத்தல் போலும்..."

இப்படி ஆரம்பிச்சு, "சிச்சீ! சிறியர் செய்கை செய்தான்"னு முடிக்கிறார். யாரைப் பார்த்துச் சிச்சீ? பகடையைப் பார்த்தா? கட்டத்தைப் பார்த்தா? நீதி நூலெல்லாம் தெரிஞ்ச தருமனைப் பார்த்து! காவலுக்கு நின்னவன் வீட்டையே தூக்கிப் பணயம் வச்சானே, அந்தக் கையைப் பார்த்து! அண்ணன் பாரதத்தை நல்லாத்தான் சொன்னார், குற்றவாளியை மட்டும் மாத்திச் சொல்லிட்டார்.

பணயத்துக்கு வக்காலத்து வாங்க நாங்க வரல. வள்ளுவர் சூதுக்குன்னு ஒரு அதிகாரமே வச்சு, 'வேண்டற்க வென்றிடினும் சூதினை'ன்னார். ஜெயிச்சாலும் வேண்டாம்! எழுத்துக்கு எழுத்து ஒத்துக்கிறேன். இன்னிக்குக் குடும்பத்தைக் கெடுக்குற சூது எங்க இருக்கு தெரியுமா? போன்ல இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு, பெண்டாட்டி பிள்ளை தூங்கின பிறகு, போர்வைக்குள்ள தனியா ஆடுறான் பாருங்க, அது சூது. கூடத்துல நாலு பேர் சுத்தி உட்கார்ந்து, அஞ்சாவது ஆளு பின்னாடி நின்னு "அந்தக் காயை நகர்த்து"ன்னு தப்பா யோசனை சொல்றாரே, அது ஆட்டம். ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போடாதீங்க அண்ணே.

அதே வள்ளுவர் கல்லாமையில எப்படித் தொடங்குறார்? புத்தக அணித் தம்பி இதைக் கேட்டுக்கணும். 'அரங்கின்றி வட்டாடியற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்.' நூல் படிக்காம சபையில பேசுறது, கட்டம் போடாம காய் உருட்டுற மாதிரின்னார். புத்தகத்தோட பெருமையைச் சொல்ல ஆட்டத்தைத்தான் உவமைக்கு எடுத்தார். ஏன்? கேட்கிற ஒவ்வொருத்தருக்கும் ஆட்டம் தெரியும்! கீழடியில மண்ணைத் தோண்டினா தந்தத்துல செஞ்ச தாயக்கட்டை கிடைக்குது. ஊர் இருந்த இடத்துல ஆட்டமும் இருந்திருக்கு.

சரி, எனக்குப் புத்தகம் பிடிக்காதா? ஜெயகாந்தன் பிறந்த ஊர்ல நின்னுகிட்டு அப்படிச் சொல்ல முடியுமா? 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை நான் கல்லூரியில படிக்கும்போது படிச்சேன். கங்கா மனசுக்குள்ள ஜெயகாந்தன் நம்மைக் கூட்டிட்டுப் போற தூரத்துக்கு எந்த கேமராவும் போக முடியாது. ஆனா 1977ல வந்த படத்துல லட்சுமி அந்தக் கங்காவுக்கு ஒரு முகம் கொடுத்தாங்க, தேசிய விருதும் வாங்கினாங்க. இப்ப நாவலைத் திரும்ப எடுத்தாலும் எனக்கு அந்த முகம்தான் வருது. ரெண்டுமே உசத்தி. 'லைஃப் ஆஃப் பை'யை எடுத்துக்குங்க, புதுச்சேரியில தொடங்குற கதை. 2012ல வந்த படத்துல நடுக்கடல்ல புலியும் பையனும் வர்ற இடமெல்லாம் கண்ணை எடுக்க முடியல. ஆனா அந்தப் பையன் மூணு மதத்தையும் பிடிச்சுக்கிட்டு நிக்கிற புதுச்சேரிப் பகுதி புத்தகத்துலதான் நிதானமா இருக்கு, எனக்கு அதுதான் ஒசந்தது.

ஆனா தலைப்பு எது நல்லதுன்னு கேட்கலையே! எது சேர்த்து வைக்கும்னு கேட்குது. கங்காவுக்காக நான் தனியாத்தான் அழுதேன். தியேட்டர்ல குடும்பத்தோட வரிசையா உட்கார்ந்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம, இருட்டுல நேராப் பார்த்துக்கிட்டு இருந்தோம். தாயம் ஆடுறவங்க அப்படி உட்கார முடியாது. எதிர்ல இருக்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் ஆகணும்.

இப்ப எங்க வீட்டுக் கதையைச் சொல்லணும். நடுவர் மணியை அடிக்காதீங்க, இது முடியற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க.

2011 டிசம்பர் 30. கடலூர்க்காரங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். தானே புயல்! அந்த விடியக்காலைக் காத்துல பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சுது. கரன்ட் கம்பம் எல்லாம் படுத்துடுச்சு. எங்க சித்தப்பா வீட்டு ஓடு மொத்தமும் பறந்துடுச்சு. சித்தி பிள்ளைகளைக் கையில பிடிச்சுக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க, பின்னாடி தலையைக் குனிஞ்சுக்கிட்டு சித்தப்பா.

எங்கப்பாவும் சித்தப்பாவும் பேசிப் பல வருஷம் ஆச்சு. பாகப்பிரிவினையில ஒரு வரப்புத் தகராறு. ஒரே தெருவுல எதிரெதிரே வந்தாலும் ஒருத்தர் வானத்தைப் பார்ப்பார், ஒருத்தர் சாக்கடையைப் பார்ப்பார். இப்ப ஒரே கூரைக்குக் கீழ! கரன்ட் கிடையாது, டிவி கிடையாது, போன்ல சார்ஜ் கிடையாது. மூணு நாளு பேசல. "அவனுக்குச் சோறு போடு"ன்னு அப்பா அம்மாகிட்டச் சொல்வார். "எனக்குப் போதும்னு சொல்லுங்க அண்ணி"ன்னு சித்தப்பா அம்மாகிட்டச் சொல்வார். ரெண்டு பேருக்கும் நடுவுல கை நீட்டினா எட்டுற தூரம்!

நாலாம் நாள் சாயங்காலம் எங்க ஆயா, அதான் அப்பாவைப் பெத்தவங்க, எழுந்தாங்க. அடுப்புக்கரியை எடுத்தாங்க, கூடத்துல கட்டம் போட்டாங்க. நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தரையில தேய்ச்சாங்க. "மழையில சும்மா உட்கார்ந்து என்னடா பண்றீங்க, ரெண்டு பேரும் வந்து உட்காருங்க"ன்னாங்க. ஆயா சொன்னா மறுபேச்சு கிடையாது. உட்கார்ந்தாங்க.

தாயம் விழுந்தாத்தான் காய் இறங்கும், தெரியும்ல? ஒரு வெள்ளை விழுந்தா தாயம். எங்கப்பாவுக்கு விழல. போடுறார், ரெண்டு. போடுறார், மூணு. மறுபடி ரெண்டு. சித்தப்பா காயெல்லாம் ஊர் சுத்திட்டு வருது, அப்பா இன்னும் வாசல்லயே நிக்கிறார். பிள்ளைங்க நாங்க மெழுகுவத்தியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு விடாம நிக்கிறோம். அப்பா கையைக் குலுக்கி ஒரு வீசு வீசினார் பாருங்க! ஒரு கொட்டை வெள்ளை. ரெண்டு கொட்டை கறுப்பு. நாலாவது கொட்டை? உருண்டு போய் பாய் ஓரத்துல சாய்ஞ்சு நின்னுடுச்சு.

மறுபடியும் சொல்றேன், சாய்ஞ்சு நின்னுடுச்சு! அது கறுப்புன்னா அப்பாவுக்குத் தாயம். வெள்ளைன்னா ரெண்டு. இருக்கிறது மெழுகுவத்தி வெளிச்சம். அப்பா "கறுப்பு"ன்னார், யாரைப் பார்த்தும் இல்ல, பொதுவா. சித்தப்பா சித்தியைப் பார்த்து "வெள்ளைன்னு சொல்லு"ன்னார். அப்பா அம்மாவைப் பார்த்து "கண்ணாடி போடச் சொல்லு அவனை"ன்னார். சித்தப்பாவுக்கு அதுக்கு மேல தாங்கல. எங்கப்பா முகத்தை நேருக்கு நேராப் பார்த்தார். "அண்ணே! சின்ன வயசுலேருந்து நீ இப்படித்தான் அழுகுணி ஆட்டம் ஆடுற!"

'அண்ணே'ன்னு கூப்பிட்டுட்டார்!

கை தட்டுங்க, எங்க வீட்டுலயும் அன்னிக்குத் தட்டினோம். அப்பா விடலையே. "நீதான்டா சின்ன வயசுல காயைத் தள்ளி வைப்ப!" அவர் ஒண்ணு சொல்ல, இவர் ஒண்ணு சொல்ல, பள்ளிக்கூடக் காலத்துல ஆடின ஆட்டத்துக்கெல்லாம் அன்னிக்குக் கணக்கு கேட்டாங்க. கெடிலம் ஆத்தங்கரையில ஆடினது, அங்க யாரு யாரைத் தள்ளிவிட்டது, அத்தனையும் வந்துச்சு. ஆயா நடுவுல கையை நீட்டி, "சாய்ஞ்ச கொட்டை செல்லாது, திரும்பப் போடுடா பெரியவனே"ன்னாங்க. ஆயா சொன்னதுதான் தீர்ப்பு. அப்பா திரும்பப் போட்டார். என்ன விழுந்துச்சு? இப்ப எங்க வீட்டுல யாருக்கும் ஞாபகம் இல்ல. அவங்க பேசினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. கரன்ட் வர்ற வரைக்கும் தினம் சாயங்காலம் கட்டம்தான். வரப்புப் பேச்சு அதே கட்டத்துக்குப் பக்கத்துல முடிஞ்சுது, வக்கீல் வேண்டியிருக்கல.

ஊரே இருட்டா இருந்த அந்த நாள்ல எந்தத் திரையும் ஓடல அண்ணே. புத்தக அணித் தம்பி, படிக்க வெளிச்சமும் இல்ல.

இன்னொன்னு சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். 2024ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் ஜெயிச்சாங்களே சென்னைப் பொண்ணு காசிமா, அவங்க அப்பா ஆட்டோ ஓட்டுறவர். அந்தப் பொண்ணுக்குக் கேரம் கத்துக் கொடுத்ததே அவர்தான். நாள் பூரா ரோட்டுல ஓடிட்டு வந்த மனுஷன் மகளுக்கு எதிர்ல பலகையைப் போட்டு உட்கார்ந்திருக்கார். உலகம் பதக்கத்தைப் பார்த்துச்சு. எனக்கு அந்த அப்பா உட்கார்ந்ததுதான் பெருசாத் தெரியுது.

இந்தப் பந்தல்ல இருக்கிற எத்தனை அப்பா அம்மாவுக்குப் பிள்ளைங்க சென்னையிலயும் சிங்கப்பூர்லயும் இருக்காங்க! பொங்கலுக்கு நாலு நாள் லீவுல வர்றாங்க. வந்தவன் போனைப் பார்க்கிறான். அப்பா டிவியைப் பார்க்கிறார். அம்மா ரெண்டு பேரையும் பார்க்கிறாங்க. தம்பிகளா, தங்கச்சிகளா, உங்களைத்தான் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் பரண்ல இருக்கிற பல்லாங்குழியை இறக்குங்க. புளியங்கொட்டை அம்மாவோட அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்துல எங்கயாவது இருக்கும், கேளுங்க. அவங்க உங்களுக்கு எதிர்ல வந்து உட்காருவாங்க. நீங்க பிறந்ததுலேருந்து அவங்க உங்களை ஜெயிக்க நினைச்சதே இல்ல. இன்னிக்கு ஒரு நாள் அவங்களை ஜெயிக்க விடுங்க. குழியில நாலு கொட்டை சேர்ந்ததும் 'பசு'ன்னு அள்ளி எடுக்கும்போது அவங்க முகத்துல வர்ற சிரிப்பை உட்கார்ந்து பாருங்க. எங்க ஆயா இப்ப இல்ல. உங்க வீட்டுல இருக்காங்கன்னா, தயவுசெஞ்சு நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க.

நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்க அணிக்குக் கொடுங்க. சினிமா அணி அண்ணே, கூட்டம் முடிஞ்சதும் கிளம்பிடாதீங்க, மேடைக்குப் பின்னாடி கட்டம் போட்டு வச்சிருக்கோம், உங்களுக்கு மஞ்சள் காய். நன்றி, வணக்கம்.